உப்பு போட்ட கை

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்னப் பெருமாள் கோயில். அந்தக் கோயில் மடப்பள்ளியில் யாரும் ருசி பார்ப்பதில்லை.

சமைத்ததை முதலில் பெருமாள் சாப்பிட வேண்டும். அவருக்கு முன்னால் யார் நாக்கிலாவது ஒரு பருக்கை பட்டுவிட்டால் அது எச்சில். வாசனை பிடிப்பதும் பாதி சாப்பிட்ட மாதிரிதான் என்று அந்த ஊர் முன்னோர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் அடுப்படியில் நிற்கிறவர்கள் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியால் கட்டிக்கொள்வார்கள். திரை போட்டு, மணி அடித்து, திரை விலகிய பிறகுதான் உப்பு சரியாக இருந்ததா, காரம் தூக்கலா என்பதெல்லாம் தெரியவரும். அதற்கப்புறம் தெரிந்து என்ன பண்ண?

இப்படிப்பட்ட இடத்தில் போய், ஜில்லாவிலேயே பெரிய சந்தேகப் பிராணி ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் பெயர் சௌரிராஜன். வயது ஐம்பத்தொன்று. சர்வே ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர்கள் அளந்ததைச் சரிபார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். மடப்பள்ளியின் தலைமைச் சமையற்காரர் சடகோபனுக்கு வயது முப்பத்தாறுதான். வெளியே தெருவில் பார்த்தால், வயதுக்கு மரியாதையாக, சடகோபன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டியவர். ஆனால் அடுப்புக்கு முன்னால் இவர் சிஷ்யர், அவர் குரு. இவர் அவரை 'ஸ்வாமி' என்றார். அவர் இவரை 'மாமா' என்றார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே பட்டது.

முதல் நாள் அடுப்படிக்குள் கால் வைத்ததும் சௌரிராஜன் ஒரு கேள்வி கேட்டார்.

"ருசி பார்க்காம உப்பு சரியா இருக்குன்னு எப்படி ஸ்வாமி தெரியும்?"

சடகோபன் உப்பு வைத்திருந்த மரக் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இன்னியிலேர்ந்து உப்பு உங்க கையாலே."

சௌரிராஜன் கிண்ணத்தை அவர் பக்கமே நகர்த்தினார். விறகு பிளக்கிறேன், உருளி தேய்க்கிறேன், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிறேன், உப்பு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார். சடகோபன் அதற்குள் அரிசி களையப் போய்விட்டார்.

உப்பு என்றால் ஏன் அத்தனை பயம் என்று தெரிய வேண்டுமானால், அவருடைய அப்பா போன காலைப்பொழுதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. இருதயம் பலவீனம். காலையில் காபிக்குப் பிறகு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுக்க வேண்டும். அது சௌரிராஜனின் பொறுப்பு. நாலு வருஷம் ஒரு நாள் தவறாமல் கொடுத்துவந்தார். ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அப்பா ஈசிசேரில் சாய்ந்தபடியே போய்விட்டார். நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போய், வீடு அமைதியான பிறகு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு மாத்திரையைக் கொடுத்தேனா?

யோசித்தார். கொடுத்த ஞாபகம் வந்தது. ஆனால் அது செவ்வாய்க்கிழமை கொடுத்த ஞாபகமாகவும் இருக்கலாம், அதற்கு முந்தின வாரத்து ஞாபகமாகவும் இருக்கலாம். நாலு வருஷத்துக் காலைகளும் ஒன்று போலத்தான் இருந்தன. மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். இரண்டு அட்டைகள் பிரித்துக் கிடந்தன. எதை எப்போது பிரித்தது என்று தெரியவில்லை. ஒரே ஒரு மாத்திரை தவறியதால் போயிருக்கக்கூடிய உயிர் இல்லை அது என்று அப்பாவைப் பார்த்த டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை.

அன்றிலிருந்து தான் செய்த எந்தக் காரியத்திலும் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்று. வாசல் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். பூட்டினோமா என்று திரும்பி வருவார். பூட்டியிருக்கும். மறுபடி போவார், மறுபடி வருவார். பிறகு காஸ், குழாய், மொட்டை மாடிக் கதவு. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால், இவரும் மனைவி வேதவல்லியும் போய்ச் சேரும்போது பந்தியில் மோர் பரிமாறிக்கொண்டிருப்பார்கள்.

திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டர் அம்மாளிடம் காட்டினார்கள். நல்ல மனுஷி. பொறுமையாகப் பேசி, மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை. சந்தேகத்துக்காகக் கொடுத்த மாத்திரையை இன்றைக்குச் சாப்பிட்டோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. தினமும் சாப்பிட்டானதும் வேதவல்லி அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "ஆச்சு, முழுங்கியாச்சு" என்று சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். எழுந்திருக்கும்போதே நெஞ்சில் ஒரு பிசைவு, படுக்கும்வரை அது இறங்காது. கொடுத்தேனா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மிச்ச வாழ்க்கையை எப்படியும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். கிடைக்காமலே போனால் என்ன ஆவது என்பதை நினைக்கப் பயந்தார்.

மடப்பள்ளிக்கு அவரை அனுப்பியது வேதவல்லிதான். மாமனாரின் முதலாண்டுச் சடங்கான வருஷாப்திகம் முடிந்த கையோடு, அங்கே உதவிக்கு இருந்த ஆள் சென்னைக்குக் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள். நேரே போய் சடகோபனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, பூட்டு, வாயைத் திறந்து பார்ப்பது வரை ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டார், நாளைக்கே வரச் சொன்னார்.

ஆக, எல்லாம் தெரிந்துதான் உப்பைத் தூக்கி அவர் கையில் கொடுத்திருக்கிறார்.

சௌரிராஜனா சும்மா இருப்பார்? சர்வே ஆபீஸ் மூளை வேலை செய்தது. ஒரு துண்டுக் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, உப்பு போட்டதும் அதில் ஒரு டிக் அடித்தார். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் காகிதத்தில் டிக் இருந்தது. ஆனால் அது இன்றைக்கு அடித்ததா, நேற்று அடித்ததா என்று விளங்கவில்லை. அடுத்த நாள் தேதியும் சேர்த்துப் போட்டார். உப்பைப் போடுவதற்கு முன்பே அவசரப்பட்டு டிக் அடித்துவிட்டோமோ என்று புதிதாக ஒரு சந்தேகம் முளைத்தது. காகிதம் சரிப்படாது என்று, அடுப்புக் கரியால் சுவரில் கோடு போட ஆரம்பித்தார்.

சடகோபன் ஈரத்துணியை எடுத்துவந்து சுவரைத் துடைத்தார். கோபமாகத் துடைக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிற மாதிரி நிதானமாகத் துடைத்தார்.

"காகிதத்தைப் பார்க்கறேள். சுவரைப் பார்க்கறேள். உப்பை ஒரு நாளாவது பார்த்தேளா, மாமா?"

சௌரிராஜன் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. கை உப்பை அள்ளுகிற நேரத்தில் மனசு அடுத்து வரப்போகிற சந்தேகத்துக்குக் கச்சை கட்டிக்கொண்டிருக்கும்.

மறுநாள் சடகோபன் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கொதிக்கிற உருளிக்கு முன்னால் கண்ணை மூடுவதாவது என்று அவர் தயங்கினார். சடகோபன் பின்னால் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, இப்போது உப்பைப் போடுங்கள் என்றார்.

போட்டார்.

"என்ன சத்தம் வந்தது?"

"ஒண்ணும் வரலையே."

"வந்தது. நாளைக்குக் காதை வெச்சுக் கேளுங்கோ."

மறுநாள் அது காதில் விழுந்தது. கல்லுப்பு விழுந்ததும் கொதி ஒரு கணம் சொர்ரென்று மேலே எழும்பி, பிறகு தணிந்து, பழைய சத்தத்துக்கே வந்தது. அவர் வந்த நாளிலிருந்து தினமும் இப்படித்தான் சத்தம் போட்டிருக்கிறது. இவர் அந்த நேரத்தில் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாள் கை. உப்பு அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. விறகுச் சிராய் கீறிய இடத்தில் பட்டுச் சுள்ளென்று எரிந்தது. கையை உதறிய பிறகும் இரண்டு கல் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் தள்ளியபோதுதான் விழுந்தது.

"உப்பு கையை விட்டுப் போற வரைக்கும் கையோடேயே இருங்கோ," என்றார் சடகோபன். "அப்புறம் எங்கே வேணும்னாலும் போயிக்கோங்கோ."

அவர் சொல்லிக்கொடுத்தது மொத்தமும் இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் புளி கரைப்பது பற்றியும், விறகு ஈரமாக வந்திருப்பது பற்றியும்தான் பேசினார்.

சௌரிராஜன் இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். பூட்டும்போது சாவியின் குளிர்ச்சியைக் கவனித்தார். பித்தளைப் பூட்டு முதலில் கரகரவென்று முரண்டு பிடித்து, அப்புறம் 'ளொடக்' என்று விழுவதைக் கவனித்தார். தெருமுனைக்குப் போனதும் பழைய பிசைவு வரத்தான் வந்தது. ஆனால் காதில் அந்த 'ளொடக்' இருந்தது. மூன்று தரம் திரும்பியவர் ஒரு தரம் திரும்பினார். சில நாள் திரும்பவே இல்லை. வேதவல்லி எதிர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்று, அவர் முனை திரும்பி மறைந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இதை அவரிடம் சொல்லவில்லை.

மாத்திரையைப் பற்றியும் ஒரு நாள் சடகோபனிடம் கூச்சத்தோடு கேட்டார். தண்ணீரோடு மடக்கென்று விழுங்காமல், நாக்கில் ஒரு நொடி வைத்து, கசந்ததும் விழுங்கச் சொன்னார் அவர். அன்றிலிருந்து கசப்பே சாட்சி சொன்னது. வேதவல்லிக்கு அந்த உத்தியோகத்திலிருந்து விடுதலை கிடைத்தது. திருநெல்வேலி டாக்டரிடம் இதையெல்லாம் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சௌரிராஜன் சொன்னபோது, ஆறு மாசமாக நானும் இதைத்தானே சொல்கிறேன் என்று அந்த அம்மாள் சிரித்தார். உப்பை விடாதீர்கள், மாத்திரையையும் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே முடித்துவிடலாம். முடிக்க முடியவில்லை.

பூட்டின சத்தம் கேட்டது. உப்பு எரிந்தது தெரிந்தது. அந்தப் புதன்கிழமை மட்டும் வாயைத் திறக்கவில்லை. சொல்லப்போனால், கையோடு இருப்பது எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகு அந்த வலி கூடத்தான் செய்தது. அன்றைக்கு நான் கையோடு இல்லையே, எங்கே போயிருந்தேன் என்று அவர் தன்னையே குடைந்துகொண்டார்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிற நாள் வந்தது. திதிப்படி சிராத்தத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காலண்டர் தேதி அன்றைக்குத்தான். கோயிலில் உற்சவ நாளும் அதுவாக அமைந்தது. ஐந்து படி அரிசிக்கு வெண்பொங்கல்.

பொங்கல் குழைந்து வந்துவிட்டது. சௌரிராஜன் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். திடீரென்று கை நின்றது.

உப்பு போட்டேனா?

காதைத் தீட்டிக்கொண்டு உள்ளே தேடினார். சொர்ரென்ற சத்தம் இன்றைக்குக் கேட்டதா? தெரியவில்லை. காலையிலிருந்தே அவர் இங்கே இல்லை. அந்த ஈசிசேருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையைப் பார்த்தார். விரலிடுக்கில் ஒன்றும் இல்லை. ஆனால் விறகைத் தொட்டதற்காக இப்போதுதான் கையைக் கழுவியிருந்தார். கழுவின கை என்ன சொல்லும்?

அடுப்படியில் வேறு யாரும் இல்லை. சடகோபன் நெய் எடுத்துவரப் போயிருந்தார். சமைத்த தளிகையைப் பெருமாளுக்குக் கொண்டுபோக இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. சௌரிராஜன் முகத்துத் துணியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டார். துடுப்பின் முனையிலிருந்து ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்தார். ஒரே ஒரு பருக்கை. யாருக்குத் தெரியப்போகிறது?

வாய்க்குப் பக்கத்தில் விரல் வந்தபோது, வாசலில் நெய்ப் பானையோடு சடகோபன் நிற்பதைப் பார்த்தார்.

சடகோபன் அதட்டவில்லை. பானையைக் கீழே வைத்தார்.

"ருசி பாருங்கோ, மாமா. தெரிஞ்சுடும். தெரிஞ்சதும் அத்தனையும் கொட்டிட்டு மறுபடி உலை வைக்கலாம். மறுபடி உப்பு போடுவேள். மறுபடி தெரியாது. மறுபடி ருசி பார்ப்பேள்."

சௌரிராஜன் விரலைத் தாழ்த்தினார்.

"அப்போ நான் என்னதான் பண்றது?"

"அந்தப் பருக்கையைக் கீழே போட்டுட்டு, கையை அலம்பிண்டு வாங்கோ."

கையை அலம்பிக்கொண்டு வந்தார். துணியை மறுபடி கட்டிக்கொண்டார். எதற்கும் இன்னொரு கை உப்பைப் போட்டுவிடலாமா என்று கேட்டார். சடகோபன் சிறிது நேரம் உருளியைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"குறைஞ்சா சாப்பிட முடியும். கூடினா முடியாது. இப்படியே போகட்டும்."

பொங்கல் அப்படியே போயிற்று. திரை போட்டார்கள், மணி அடித்தது, திரை விலகியது. சௌரிராஜன் அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

முதல் தொன்னை வாங்கினவர் வாயில் போட்டுக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு, "என்ன, நம்ம பெருமாளும் இன்னிக்கு ஒப்பிலியப்பன் ஆயிட்டாரா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உப்பில்லாமல் தளிகை கொள்கிற பெருமாள் ஒருவர் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அர்ச்சகர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்து மடப்பள்ளி வாசலுக்கு வந்தார்.

"உப்பு விட்டுப்போச்சு," என்றார் சடகோபன். "மடப்பள்ளி என் பொறுப்பு."

சொன்ன கையோடு சன்னிதிக்குப் போய்த் தரையில் விழுந்து சேவித்துவிட்டு வந்தார். அர்ச்சகர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்.

சௌரிராஜன் அதற்குள் முகத்துத் துணியை அவிழ்த்து நாலாக மடித்து, உப்புக் கிண்ணத்தின் மேல் வைத்திருந்தார். ஆத்துக்குப் போகிறேன், இனிமேல் வரமாட்டேன் என்றார். காரணத்தையும் அவரே சொன்னார்.

"எனக்குப் பதில் கிடைச்சுடுத்து, ஸ்வாமி. இன்னிக்கு உப்பை மறந்த கை, அன்னிக்கு மாத்திரையையும் மறந்துதான் இருக்கும். நான்தான் கொன்னிருக்கேன்."

இத்தனை நாளும் நெஞ்சுக்குள் வைத்திருந்த வார்த்தை. மனைவியிடம் சொன்னதில்லை, டாக்டரிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சடகோபன் உள்ளே போய் இரண்டு இலை எடுத்துவந்தார். கிணற்றடி நிழலில் எதிரும் புதிருமாகப் போட்டார். உருளியின் அடியில் தங்கியிருந்த பொங்கலைக் கொண்டுவந்து இரண்டு இலையிலும் வைத்தார். ஆவி பறந்தது. சௌரிராஜனின் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கோ. என்ன இருக்குன்னு சொல்லுங்கோ."

சௌரிராஜன் ஒரு கவளம் வாயில் போட்டார்.

"உப்பு இல்லை."

"இல்லாததை நான் கேக்கலை."

இன்னொரு கவளம் எடுத்தார். வாயில் வைத்துக்கொண்டே வெகு நேரம் இருந்தார்.

"மிளகு."

"அப்புறம்?"

"நெய். இஞ்சி." கொஞ்சம் மென்றார். "சீரகம் கருகியிருக்கு."

"அது என் தப்பு. அப்புறம்?"

"பருப்பு தித்திக்கறது," என்றார் சௌரிராஜன், ஆச்சரியத்தோடு. பாசிப்பருப்புக்கு இப்படி ஒரு தித்திப்பு உண்டு என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்ததில்லை. உப்பு அதை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

சடகோபனும் சாப்பிட்டார். கிணற்று மேடையில் அணில் ஒன்று சிந்தின பருக்கையை எடுத்துக்கொண்டு ஓடியது.

"அந்தப் புதன்கிழமை கார்த்தாலே என்ன இருந்தது?" என்று கேட்டார் சடகோபன்.

"மாத்திரை குடுத்தேனான்னு..."

"அதில்லை. இருந்ததைச் சொல்லுங்கோ."

சௌரிராஜன் கண்ணை மூடிக்கொண்டார். உருளிக்கு முன்னால் மூடிக்கொண்ட மாதிரி மூடிக்கொண்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் காலைக்குள் எத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருப்பார். போகும்போதெல்லாம் மாத்திரையை மட்டும் தேடினார். மற்றதையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கித் தள்ளிவிட்டே தேடினார். இப்போது அந்தத் தள்ளினதிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது.

"அப்பாவுக்குத் தலை துவட்டினேன். தலை சூடா இருந்தது. வேப்பெண்ணெய் சோப்பு வாசனை. துண்டு சொரசொரன்னு இருக்குடான்னார்."

சடகோபன் 'ம்' கொட்டினார்.

"அடுத்தாத்திலே குக்கர் சத்தம் போட்டுது. காபி கொண்டுவந்தேன். அவருக்குக் கை நடுங்கும், நான் கீழே தாங்கிப் பிடிச்சுப்பேன். டம்ளர் அவர் பல்லிலே இடிச்சுது. எப்பவும் இடிக்கும்." நிறுத்தினார். "காபி நன்னாயிருக்குன்னார். அவர் அப்படியெல்லாம் சொல்றவர் இல்லை, ஸ்வாமி. என் கைமேலே கையை வெச்சார். அவர் விரல் குளிர்ந்திருந்தது, உள்ளங்கை சூடா இருந்தது. உன் காபி ஆறிப்போறது பாரு, குடின்னார்."

கண்ணைத் திறந்தார். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"அதுதான் எங்கிட்டே கடைசியா சொன்னது. ரெண்டு வருஷமா இது ஞாபகமே வரலை."

"குடிச்சேளா?"

"இல்லை. ஏதோ காரியமா எழுந்து போயிட்டேன்."

சௌரிராஜன் வாய்விட்டு அழுதார். அப்பா போனதற்காக அவர் அழுதது அன்றைக்குத்தான். இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்ததில் அழ நேரம் கிடைக்கவில்லை. சடகோபன் அவர் அழுது முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் சௌரிராஜன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருஷமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததை முதல் தடவையாக இன்னொருவரிடம் கேட்டார்.

"மாத்திரை குடுத்தேனா, ஸ்வாமி?"

"தெரியாது, மாமா."

சடகோபன் அவர் இலையில் இன்னொரு கரண்டி பொங்கலை வைத்தார்.

"ஆறிப்போறது பாருங்கோ. சாப்பிடுங்கோ."

சௌரிராஜன் இலையில் கை வைத்தார். இன்னும் சூடாகத்தான் இருந்தது.